அவள் ஃபோனுக்கு வரும் ஆறு எண்கள்

டெல்லியில் ஒரு கிலோ துவரம்பருப்பு வாங்க நான் ஆஸ்திரேலியாவுக்கு ஃபோன் போட வேண்டியிருந்தது. சொன்னால் சிரிப்பார்கள். கிட்டத்தட்ட இரண்டு வருடம் அப்படித்தான் குடும்பம் நடத்தினேன்.

காரணம் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. நான் வேலை பார்த்த அமைச்சகத்தில் எங்கள் பிரிவுக்குள் மொபைலைக் கொண்டுபோக விடமாட்டார்கள். காலையில் வாசலில் ஒப்படைத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொண்டு போனால் சாயங்காலம்தான் கைக்குத் திரும்பி வரும். அந்தக் காலம் பார்த்துத்தான் பேங்க்காரன், கேஸ்காரன், டிவிக்காரன் எல்லாரும் நம்பரைக் கொடு, நம்பரைக் கொடு என்று பிடுங்க ஆரம்பித்தார்கள். பகல் முழுக்கப் பெட்டியில் கிடக்கிற ஃபோனின் நம்பரைக் கொடுத்து என்ன பிரயோஜனம்? வீட்டில் இருக்கிறவள் என் மனைவி. எல்லா ஃபாரத்திலும் அவள் நம்பரையே எழுதினேன். அப்போது லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் இருந்தோம். மெசேஜ் வந்தால் அவள் பார்த்துக்கொள்வாள், நான் என் ஃபைலைப் பார்ப்பேன். ரொம்பப் புத்திசாலித்தனமான ஏற்பாடு என்று என்னை நானே மெச்சிக்கொண்டதும் உண்டு.

அப்புறம் நான் ரிடையர் ஆனேன். குவார்ட்டர்ஸை விட்டு மயூர் விஹாரில் மூன்றாவது மாடிக்கு வந்தோம். பெட்டி படுக்கையைப் பிரித்து முடிக்கவில்லை, மெல்போர்னில் இருக்கும் மகளுக்குப் பிரசவம் என்று இவள் விமானம் ஏறினாள். ஆறு மாதம் என்றுதான் பேச்சு. ஆறு மாதம் ஒரு வருடமாயிற்று. விசாவுக்காக நடுவில் வந்து பத்து நாள் இருந்தாள், அதில் நான்கு நாள் கடை கடையாகப் பேத்திக்கு உடுப்பு வாங்கினாள், மறுபடி போய்விட்டாள். மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போகிறார்கள், குழந்தையை யார் பார்ப்பது? நானும் ஒரு தடவை போய் நாற்பது நாள் இருந்தேன். மாப்பிள்ளை தங்கமானவர். ஆனாலும் இன்னொருத்தர் வீட்டு சோபாவில் ஒரு மனிதன் எத்தனை நாள்தான் மரியாதையாக உட்கார்ந்திருப்பது? திரும்பி வந்துவிட்டேன்.

டெல்லி நம்பர் போட்டிருந்த பழைய பட்டன் ஃபோனை அவள் கையோடு கொண்டுபோயிருந்தாள். மகள் வீட்டுச் சமையலறையில் ஃப்ரிட்ஜ் மேல் அது இருக்கும். நான் இங்கே மளிகை ஆர்டர் போட்டால், டிவிக்கு ரீசார்ஜ் செய்தால், கரண்ட் பில் கட்டினால், ஆறு எண் கொண்ட ஓடிபி கடல் தாண்டிப் போய் அந்த ஃப்ரிட்ஜ் மேல் விழும். உடனே நான் கூப்பிடுவேன். அவள் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு வாசிப்பாள்.

வாசிப்பாளா, அதுதான் இல்லை. "நாலு... ஏங்க, கத்திரிக்காயா வாங்குதிய? வேண்டாம், ஒங்களுக்கு ஒடம்பு ஊறல் எடுக்கும்... ஏழு... வேற என்ன வாங்குதிய, சொல்லுங்க." மூன்று நிமிஷத்துக்குள் எண்ணை அடிக்காவிட்டால் அது செத்துப்போகும். ஆரம்பத்தில் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. எண்ணைச் சொல்லு, எண்ணை மட்டும் சொல்லு என்று கத்துவேன். அவள் சாவகாசமாக, சைபர் என்பாள். அந்த சைபர் முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்று கேட்பதற்குள் நேரம் முடிந்திருக்கும். மறுபடி ஒன்று வரவழைக்க வேண்டும், மறுபடி மூன்று நிமிஷம்.

ஓடிபி மட்டுமா? நான் என்ன வாங்கினேன், எப்போது வந்து சேர்ந்தது என்பதெல்லாமும் அவளுக்குத்தான் போகும். காய்கறி விற்கிற சப்ஜி மண்டி பக்கத்து மிட்டாய்க் கடையில் கார்டைத் தேய்த்து ஜிலேபி வாங்கினால், பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் மெல்போர்னிலிருந்து ஃபோன் வந்துவிடும், சுகரை வைத்துக்கொண்டு இதென்ன வேலை என்று. ஏழு கழுதை வயசான பிறகு இப்படி ஒரு வேவு. நண்பர்களிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவேன்.

டிவிக்காரர்கள் கதை தனி. தமிழ்ச் சேனல் எல்லாம் திடீரென்று ஒருநாள் காணாமல் போய்விட்டது. கஸ்டமர் கேரில் முக்கால் மணி நேரம் சங்கீதம் கேட்டபின் ஒரு இந்திக்கார பையா எடுத்து, கவலையே வேண்டாம், சவுத் சேனல் பேக் போட்டுவிடுகிறேன், மேடத்துக்கு ஓடிபி போகும் என்றார். மேடத்தை எழுப்பி எண்ணை வாங்கிக் கொடுத்தேன். வந்தது பூராவும் தெலுங்கும் கன்னடமும். திரும்பக் கூப்பிட்டுத் தமிழ் வேண்டும் என்றால், இதுவும் மதராஸிதானே சார் என்று அவர் ஆச்சரியப்படுகிறார். மறுபடி மேடம், மறுபடி ஓடிபி. தமிழ் வந்து சேர மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளில் அவளோடு பேசிய பேச்சு, அதற்கு முந்தைய முப்பது வருடத்தில் பேசியிருப்பேனா என்பது சந்தேகம்.

அப்போதுதான் எனக்கே உறைத்தது. எங்கள் இரண்டு பேருக்கும் சும்மா ஃபோனில் பேசத் தெரியாது. ஊரில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கும் அப்படித்தான். விஷயத்தைச் சொல்லிவிட்டு வச்சிரட்டா என்போம். எப்படி இருக்கே, உன் ஞாபகமாக இருக்கிறது என்றெல்லாம் சொல்ல எனக்கு நாக்கு எழாது. அவளுக்கும் எழாது. ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால் உண்டு, ஆனால் அதில் திரை முழுக்கப் பேத்திதான். இவள் ஒரு தோளாகவோ ஒரு கையாகவோ ஓரத்தில் வந்து போவாள். எங்களுக்கென்று இருந்தது அந்த ஆறு எண்கள் மட்டும்தான்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அதற்குப் பிறகு நான் மளிகைச் சாமானை மொத்தமாக வாங்கவே இல்லை. உப்புக்கு ஒரு ஆர்டர், புளிக்கு ஒரு ஆர்டர். காலை பத்து மணிக்குக் குளித்துவிட்டு உட்கார்ந்து, இன்றைக்கு என்ன வாங்கலாம் என்று யோசிப்பேன். அங்கே மூன்றரை மணி, குழந்தை தூங்குகிற நேரம். வீட்டில் கடுகு மட்டும் ஐந்து பொட்டலம் சேர்ந்துவிட்டது.

கெடுத்தது கேஸ் சிலிண்டர். டிசம்பரில் ஒருநாள், தோளில் சிலிண்டரோடு மூன்று மாடி ஏறி வந்தவர் வாசலில் நின்று கோட் நம்பர் கேட்டார். அந்த எண்ணைச் சொல்லாமல் சிலிண்டரை இறக்கக்கூடாதாம். கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பார்க்குக்குப் போயிருந்தாள், ஃபோன் ஃப்ரிட்ஜ் மேல். கேஸ்காரர் பொறுமையாக, மேடத்தைக் கூப்பிடுங்கள் அங்கிள்ஜி என்றார். மேடம் ஆஸ்திரேலியாவில் இருக்கிறாள் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிலிண்டரோடு மூன்று மாடியும் இறங்கிப் போனார். நான்கு நாள் கரண்ட் அடுப்பில் பாலையும் ரசத்தையும் காய்ச்சி ஓட்டினேன்.

விஷயம் மகள் காதுக்குப் போயிற்று. அவள் டெல்லியில் பிறந்து வளர்ந்தவள். அவள் தமிழில் இந்தி பாதி, இங்கிலீஷ் பாதி, அதிகாரம் முழுசு. "பஸ் அப்பா, போதும். எல்லாத்தையும் உங்க நம்பருக்கு மாத்துங்க. ஜல்தி" என்றாள். மாப்பிள்ளை எது எதை எங்கே மாற்ற வேண்டும் என்று வரிசையாக எழுதி அனுப்பினார். என் மனைவியிடம், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டேன். புள்ள சொல்லுதது சரிதான் என்றாள்.

கேஸும் டிவியும் மளிகையும் ஒரே வாரத்தில் மாறிவிட்டன. நான் எதிர்பார்க்கவே இல்லை. எப்போதும் இழுத்தடிக்கிறவர்கள் என் விஷயத்தில் மட்டும் மின்னல் வேகத்தில் வேலை செய்தார்கள். பேங்க் ஒன்றுதான் மிச்சம். கணக்கு லோதி ரோடு கிளையில், எங்கள் இருவர் பேரிலும் இருக்கிறது. பணம் கட்டுகிற காரியம் எதுவானாலும் கடைசியில் ஓடிபி அங்கிருந்துதான் வரும் என்பதால், அது ஒன்று மிஞ்சியிருக்கும்வரை தினமும் அவளைக் கூப்பிட எனக்குக் காரணம் இருந்தது.

முதல் தடவை போனபோது சர்வர் டவுன். இரண்டாம் தடவை சம்பந்தப்பட்ட அதிகாரி லீவு. மூன்றாம் தடவை மறுபடி சர்வர் டவுன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்று பேங்க்குக்கு முன்னால் நின்று வாழ்நாள் பூராவும் வயிறெரிந்தவன் நான். மூன்று தடவையும் சந்தோஷமாகப் படியிறங்கி வந்தேன். ஒரு தடவை லோதி ரோடு முனையில் நின்று வேர்க்கடலை வாங்கி, குளிருக்கு இதமான வெயிலில் நடந்துகொண்டே தின்றேன். மகளிடம் மட்டும் குரலில் சலிப்பைக் காட்டி, என்னம்மா செய்ய, சர்வர் டவுன் என்றேன்.

நான்காம் தடவை சர்வர் எழுந்து நின்றது. அதிகாரியும் இருந்தாள். ஹரியானாப் பக்கத்து இளம்பெண், எனக்கென்று பார்த்து நல்லவளாக வாய்த்தாள். ஃபாரத்தை அவளே நிரப்பினாள். டீ குடிக்கிறீர்களா அங்கிள் என்றாள். இப்போது இருக்கும் நம்பர் மனைவியுடையது என்பதால் அவர் சம்மதம் வேண்டும், வெளிநாட்டில் இருந்தால் வீடியோவில் வந்து மூன்று கேள்விக்குப் பதில் சொன்னால் போதும், ஐந்து நிமிஷ வேலை என்றாள். தப்பிக்க வழியே இல்லை.

மேஜைமேல் இருந்த டேப்லெட் திரையில் என் மனைவி வந்தாள். மகளுடைய சாம்பல் நிறச் சட்டை ஒன்றைப் போட்டிருந்தாள். காதோரம் முடி முழுக்க வெளுத்திருந்தது. சாயம் போடுவதை எப்போது விட்டாள் என்று எனக்குத் தெரியாது. பேத்தி இல்லாமல், அவள் முகத்தை மட்டும் முழுசாகப் பார்த்து எத்தனை மாதமாயிற்று. அதிகாரி இருக்கிறாளே என்று டீயை எடுத்துக் குடித்தேன்.

முதல் கேள்வி அவள் பெயர், சொன்னாள். இரண்டாவது பிறந்த தேதி, அதையும் சொன்னாள். அவள் இந்தி என்னுடையதைவிட நன்றாகவே இருக்கும், காய்கறிக்காரர்களோடு முப்பது வருடம் பேரம் பேசிய இந்தி. மூன்றாவதாக, கணக்கில் முதல் பெயர் யாருடையது, அவர் உங்களுக்கு என்ன வேண்டும் என்றாள் அதிகாரி.

"என் வீட்டுக்காரர்" என்று இந்தியில் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

அவர் பெயர் என்று கேட்டாள் அதிகாரி.

எனக்கு அப்போதுதான் திக்கென்றது. என் மனைவி என் பெயரைச் சொல்லமாட்டாள். கல்யாணமாகி முப்பத்தேழு வருடத்தில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று அவள் அம்மா சொல்லி வளர்த்திருக்கிறாள். என்னுடையது ஒரு சாமியின் பெயர். அந்தச் சாமியையே அவள் மலைமேல் இருக்கிறவர் என்றுதான் சொல்லிக் கும்பிடுவாள். டிவி சீரியலில் கதாநாயகனுக்கு என் பெயர் வாய்த்துவிட்டால் கதை முடிகிறவரை அவன் "அந்தத் தம்பி"தான். பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டபோது, வலியோடு வலியாகக் காகிதம் வாங்கி எழுதிக் காட்டியவள். ரேஷன் கார்டு ஆபீஸில் பக்கத்து வீட்டம்மா சொன்னாள். எனக்கு அது பழகிப்போய், அவள் சொல்வதில்லை என்பதே மறந்துபோயிருந்தது.

திரையில் அவள் முகம் சிவந்துவிட்டது. எழுதிக் காட்டட்டுமா என்று கேட்டாள். விஷயம் புரிந்து அதிகாரி சிரித்தாள். என் மாமியாரும் இப்படித்தான் ஆன்ட்டி, ஆனால் இது பதிவாகிறது, உங்கள் குரலில்தான் வேண்டும் என்றாள். நான் குறுக்கிட்டு, போகட்டும், இன்னொரு நாள் வருகிறேன் என்று ஃபாரத்தை எடுக்கப் போனேன். பாதி அவளுக்காக, பாதி எனக்காக.

"இருங்க" என்றாள் தமிழில். கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, "நீங்க எந்திரிச்சுச் செத்த வெளிய போங்க. நான் சொல்லுதேன்."

எழுந்து போனேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே செக்யூரிட்டிக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டு திரும்பிப் பார்த்தேன். டேப்லெட்டின் முதுகுதான் தெரிந்தது. அதிகாரி முன்னால் சாய்ந்து கேட்டாள், தலையை ஆட்டினாள், ஏதோ சொன்னாள், மறுபடி கேட்டாள். முதல் தடவை சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது. அப்படியென்றால் இவள் இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள். பத்தடி தூரத்தில், ஒரு கண்ணாடிக்கு அந்தப்பக்கம், என் பெண்டாட்டி என் பெயரை இரண்டு தடவை சொன்னாள். யாரோ ஒரு பெண் கேட்டாள். நான் கேட்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடலாமா என்றுகூட இருந்தது.

உள்ளே போனபோது அழைப்பு முடிந்திருந்தது. ஹோ கயா அங்கிள், எல்லாம் ஆயிற்று, ஒரு மணி நேரத்தில் மெசேஜ் வரும் என்றாள் அதிகாரி. என்ன சொன்னாள் என்று கேட்டேன். அவள் என்னை விசித்திரமாகப் பார்த்து, உங்கள் பெயரைத்தான் என்றாள். அந்தப் பதிவை ஒரு தடவை கேட்கலாமா என்றேன். மேலிடத்துக்குப் போய்விட்டது, நாங்களே கேட்க முடியாது என்றாள். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அன்றைக்கு வேர்க்கடலை வாங்கத் தோன்றவில்லை.

மெட்ரோவில் வரும்போதே மெசேஜ் வந்துவிட்டது. இனி எல்லாத் தகவலும் இந்த எண்ணுக்கே அனுப்பப்படும் என்று என் ஃபோனே எனக்குச் சொன்னது. வீட்டுக்கு வந்து சோற்றை வடித்து, முந்தினநாள் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டேன். நாளைக் காலை பத்து மணிக்கு என்ன செய்வது என்று யோசித்தால் ஒன்றுமே தோன்றவில்லை.

இரண்டு மணிக்கு ஃபோன் அடித்தது. அவள்தான். நான் ஒன்றும் வாங்கவில்லையே, எதற்குக் கூப்பிடுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். சாப்ட்டியளா என்றாள், சாப்பிட்டேன் என்றேன். மெசேஜ் வந்துட்டா என்றாள், வந்துவிட்டது என்றேன். அதோடு எங்கள் சரக்கு தீர்ந்துபோயிற்று. அவள் பக்கம் குக்கர் விசில் கேட்டது.

எப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். எதை என்றாள். என் பெயரை என்றேன்.

"அதெல்லாம் கேக்காதிய" என்றாள். கொஞ்சம் கழித்து, அதைச் சொன்னதிலிருந்து மனசே சரியில்லை, மலைமேல் இருக்கிறவருக்கு ஒரு தேங்காய் நேர்ந்து வைத்திருக்கிறேன் என்றாள். அடுத்து வச்சிரட்டா என்று கேட்கப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஏளா, நீ வந்துரேன்" என்றேன்.

அந்தப் பக்கம் குக்கரை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "அங்கன வந்து நான் என்ன செய்ய? கேஸு ஒங்களுக்கு வந்துட்டு, பேங்கு வந்துட்டு. எனக்கு இனிமே அங்கன என்ன வேல இருக்கு?" என்றாள். குரல் தழுதழுத்தது. இந்த மனுஷிக்கும் அந்த ஆறு எண்கள்தான் இருந்திருக்கின்றன என்பது என் மரமண்டைக்கு அப்போதுதான் ஏறியது.

முப்பத்தாறு வருடம் அரசாங்கக் கோப்பில் குறிப்பு எழுதியவன் நான். காரணம் காட்டாமல் ஒரு வரி எழுதிப் பழக்கமில்லை. இப்போதும் காரணம்தான் தேடினேன். பாத்ரூம் குழாய் ஒழுகுகிறது, கண் டாக்டரிடம் போக வேண்டும், திரைச்சீலையெல்லாம் துவைக்காமல் கிடக்கிறது. எல்லாம் உண்மைதான். எதையும் சொல்லப் பிடிக்கவில்லை.

"ஒரு வேலையும் இல்ல" என்றேன். "சும்மா வா."

குழந்தை அழுகிறாள், இருங்கள் என்று ஃபோனை எங்கேயோ வைத்துவிட்டுப் போனாள். அணைக்கவில்லை. நான் காதில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் ஓடும் சத்தம், பேத்தியின் சிணுங்கல், அதை அவள் சமாதானப்படுத்தும் குரல் எல்லாம் கேட்டது. ரொம்ப நேரம் கழித்துத் திரும்பி வந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"அங்கன குளிரு எப்ப விடும்?" என்றாள்.

ஹோலிக்கு விட்டுவிடும் என்றேன். எழுந்து போய்க் காலண்டரைப் பார்த்தேன். இன்னும் ஏழு வாரம் இருந்தது.